பங்காளி எலிகள்

செத்திருக்க வேண்டிய எலிகள் உயிரோடு இருப்பதைப் பார்த்து மங்கையர்க்கரசிக்கு அழுகை வந்தது.

பாதி எலிகள் பிழைக்க வேண்டும், பாதி எலிகள் சாக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இடது அலமாரியில் இருந்தவை மருந்து வாங்கிய எலிகள். வலது அலமாரியில் இருந்தவை வாங்காத எலிகள். இப்போது இரண்டு அலமாரியிலும் மீசையைத் துடைப்பதும் உமியைக் கிளறுவதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுவதுமாகக் கல்யாண வீட்டுக்கு வந்தது போல அத்தனையும் உற்சாகமாக இருந்தன. வலது அலமாரியின் மூலைக் கூண்டில், யாரோடும் ஒத்துப்போகாமல் தனியாக வைக்கப்பட்டிருந்த ஒரு முரட்டு எலி மட்டும் செத்துக் கிடந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எந்த விஞ்ஞானியும் எதையும் நிரூபிக்க முடியாது.

டாக்டர் ஜெபக்கனி இரண்டு அலமாரிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். அந்த அம்மாள்தான் ஆய்வு நிலையத்தின் தலைவர். சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர். அநியாயமாக ஒரு வார்த்தை பேசமாட்டார் என்ற பெயரும் கூடவே உண்டு.

"எல்லாத்துக்கும் கிருமிய ஏத்தினது நிச்சயமா?"

"என் கையாலதான் ஏத்தினேன், டாக்டர்."

"அப்புறம் குடுத்தது பழைய ஆன்டிபயாடிக்தானே?"

"அதேதான். இந்தக் கிருமிக்கு அது வெறும் சர்க்கரைத் தண்ணி. உள்ளே மறதி போயிருந்தா மட்டும்தான் அந்த மருந்து வேலை செய்யணும்."

மறதி என்பது மங்கையர்க்கரசி வளர்த்த பாக்டீரியா. சாதுவானது. குடலுக்குள் போனால் அங்கே இருக்கிற முரட்டுக் கிருமிகளோடு ஒட்டி உறவாடி, மருந்தை எதிர்த்து நிற்க அவை கற்றுவைத்திருக்கும் வித்தையை மறக்கடித்துவிடும். வித்தை மறந்த கிருமியைப் பழைய மாத்திரையே அடக்கிவிடும். அதை நிரூபிக்கத்தான் இத்தனை வருஷப் பாடு.

"அப்போ உன் மறதிய வாங்காத எலி எல்லாம் செத்திருக்கணும்."

"செத்திருக்கணும்."

"சாகலையே, மங்கை." ஜெபக்கனியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. "ரெண்டு பக்கமும் பிழைச்சா, பிழைக்க வச்சது மறதின்னு எப்படிச் சொல்லுவ? தீனி மாறியிருக்கலாம். கிருமியே வலு இழந்திருக்கலாம். மேலிடத்துக் குழுவுல கேப்பாங்க. எனக்கே கேக்கத் தோணுது. வெள்ளிக்கிழமையோட எல்லாத்தையும் முடிச்சிரு."

எல்லாத்தையும் என்றால் எலிகளையும்தான். மங்கையர்க்கரசி தலையாட்டினாள். ஆனால் அவள் மனம் எலிகளிடம் இல்லை. வீட்டில் இருந்த ஒரு மனிதனிடம் இருந்தது.

அந்த மனிதன் ஆவுடையப்பன். அவள் கணவன். சிவப்பு.

அந்த நாளில் எல்லாருக்கும் வயிற்றுச் சீட்டு என்று ஒன்று இருந்தது. குடலில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி இல்லாவிட்டால் பச்சைச் சீட்டு, இருந்தால் சிவப்பு. சிவப்புக்காரர்களுக்கு நோய் ஒன்றும் கிடையாது. தின்பார்கள், உறங்குவார்கள், சினிமாவுக்குப் போவார்கள். கிருமி பாட்டுக்கு வயிற்றில் குடியிருக்கும். ஆனால் கத்தி பட்டு அது ரத்தத்தில் கலந்தால் அந்த ஆளைக் காப்பாற்ற உலகத்தில் மருந்து இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனுக்கும் ஆபத்து. அதனால் சிவப்புக்காரர்களை எந்த ஆபரேஷன் தியேட்டரும் உள்ளே விடுவதில்லை. அவர்கள் பிறருக்குச் சமைக்கக் கூடாது, அவர்கள் தொட்ட பாத்திரத்தைப் பச்சைக்காரர்கள் தொடக் கூடாது என்று சட்டமே இருந்தது. சட்டம் ஒரு முழம் என்றால் ஊர் பத்து முழம் போயிற்று. வாடகை வீட்டு விளம்பரத்தில் 'பச்சை மட்டும்' என்று போட்டார்கள். வரன் தேடும் விளம்பரத்தில் நட்சத்திரத்துக்கு முன்னால் வயிற்றின் நிறம் வந்தது. சிவப்பு வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள், "உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்" என்று மிகவும் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆவுடையப்பன் தவசிப்பிள்ளை. பாளையங்கோட்டையைச் சுற்றி எந்தப் பெரிய கல்யாணமானாலும் அவன் கரண்டிதான். மங்கையர்க்கரசி படித்த காலத்தில் அவள் விடுதி மெஸ்ஸை நடத்தியதும் அவன்தான். சாம்பாரில் புளி தூக்கல் என்று சண்டை போடப் போனவள், சண்டையை முடிக்காமலே அவனைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஒருநாள் ஸ்கூட்டரில் இருந்து விழுந்து அவன் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் காலைச் சரிசெய்து அனுப்பினார்கள். வரும்போது கூடவே சிவப்பும் வந்தது. அன்றோடு கரண்டி போயிற்று.

வீட்டுக்குள் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தவன் அவனேதான். இரண்டு அடுப்பு, இரண்டு குளியலறை, இரண்டு வரிசைப் பாத்திரம். அவளும் சிவப்பாகிவிட்டால் ஆய்வு நிலையத்தில் காலடி வைக்க முடியாது, அப்புறம் மறதி ஏது, மருந்து ஏது என்பது அவன் பயம். அவளுக்கு ஆசையாக ஒரு தோசை வார்த்துப் போடக்கூட அவனுக்கு வழியில்லை. உலகத்துக்கே சமைத்துப் போட்டவன் தனக்கு மட்டும் ஒரு குட்டிச் சட்டியில் பொங்கிக்கொண்டிருந்தான்.

இப்போது பித்தப்பையில் கல். வலி வந்தால் ஆள் சுருண்டுவிடுவான். கல்லை எடுப்பது பெரிய விஷயமே இல்லை, காலையில் போனால் மறுநாள் வீடு திரும்பலாம். ஆனால் சிவப்பு. "அடுத்த தடவை பை வெடிச்சா நாங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஆவுடையப்பன் கேட்டான்: "பங்காளிய எப்படி இருக்கானுவ?"

எலிகளைத்தான் கேட்டான். சோதனைக்கு ஒரு சிவப்புக்காரரின் குடல் கிருமிகள் வேண்டியிருந்தபோது, வெளியாளைத் தேடுவானேன் என்று அவன்தான் கொடுத்தான். அவன் வயிற்றில் இருந்த கூட்டம் அப்படியே எலிகளின் வயிற்றில் குடியேறியது. ஒரே சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் பங்காளிதானே என்பது அவன் வாதம்.

"எல்லாம் பிழைச்சிட்டு" என்றாள்.

"நல்லதுதான? அதுக்கு ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?"

"பாதி சாகணும்ங்க. மருந்து குடுக்காதது சாகணும். அப்பதான குடுத்தது பிழைச்சதுக்கு அர்த்தம்."

"நல்லாருக்கு உங்க ஆராய்ச்சி. ஒருத்தன் சாகலன்னு ஒப்பாரி வைக்கிய ஆபீச இப்பத்தான் பாக்குதேன்."

அவள் சிரிக்கவில்லை. கைப்பையை வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். வருகிற வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கடகடவென்று சொல்லிவிட்டாள்.

"ஒரு குப்பி எடுத்துட்டு வந்துருதேன். ஒரு மடக்குதான். குடிச்சிருங்க. மறதி வேலை செய்யும், எனக்குத் தெரியும். யாருக்கும் சொல்ல வேண்டாம்."

"மனுசனுக்குக் குடுத்தா ஜெயிலுன்னு நீதான சொன்ன?"

"போனா போறேன்."

வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டான். பேச்சில் விளையாட்டு போய்விட்டது.

"அது என் வயித்துக்குள்ளயே நிக்குமா?"

"தெரியல. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குப் போகுமான்னு இன்னும் பாக்கல."

"பக்கத்து வீட்டுக்காரன் வயித்துக்குப் போச்சுன்னு வையி. அவன்ட்ட கேட்டியா?"

"நல்லதுதான போகுது? கெட்டதா போகுது?"

"எனக்கு இதத் தந்தவனும் கெட்டது பண்ணணும்னு தரல, மங்கை. கால சரியாக்கத்தான் போனேன். ஒரு வார்த்த கேக்காம என் வயித்துல வந்து உக்காந்துட்டு. எந்தொழில் போச்சு, பந்தி போச்சு, உனக்கு ஒரு காப்பி போட்டுத் தர முடியல. கேக்காம ஒருத்தன் வயித்துக்குள்ள போறது என்னன்னு எனக்குத் தெரியும். அத நான் இன்னொருத்தனுக்குச் செய்ய மாட்டேன்."

அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் அவளுக்கு ஒரே நேரத்தில் இருந்தது. "செத்துப் போயிருவீங்க" என்று கத்தினாள். கத்தியபிறகு அழுதாள். அவன் தன் துண்டை எடுத்துக் கொடுக்கப் போய், அது சிவப்புத் துண்டு என்று ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் விலங்குக் கூடத்துக்குப் போனபோது பேச்சிமுத்து கூண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தார். எலிகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அழுக்குக் கூண்டில் இருந்து எலிகளைச் சுத்தமான கூண்டுக்கு மாற்றி, புது உமி பரப்பி, தீனி வைப்பது அவர் வேலை.

"இன்னைக்கு எதுக்கு அண்ணாச்சி மாத்துதிய? சாயங்காலம் எல்லாம் முடிஞ்சிருமே."

"போறதுவ சுத்தமா இருந்துட்டுப் போகட்டுமே மேடம்."

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் வேலை செய்வதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதங்களாக அவர் கூண்டு மாற்றுவதை அவள் நின்று பார்த்ததே இல்லை. அவர் இடது அலமாரியில் ஒரு பழைய கூண்டிலிருந்து ஒரு கை அழுக்கு உமியை அள்ளி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார். அடுத்த கூண்டிலிருந்து ஒரு கை. பிறகு வலது அலமாரிக்குப் போய் அங்கேயும் கூண்டுக்கு ஒரு கை. எல்லாவற்றையும் புளியோதரை கிளறுவது மாதிரிப் புரட்டிக் கிளறினார். பிறகு அந்தக் கலவையில் இருந்து ஒவ்வொரு புதுக் கூண்டிலும் ஒரு கை தூவிக்கொண்டே வந்தார்.

"அண்ணாச்சி, என்ன செய்திய?"

"கலக்குதேன் மேடம்."

"எதுக்கு?"

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்கதான சொன்னிய? எல்லாக் கூண்டு உமியையும் கலந்து எல்லாத்துக்கும் போடணும்னு."

"அது மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முந்தி!"

"நிறுத்தணும்னு சொல்லலியே மேடம்."

சொல்லவில்லைதான். எலிக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் புழுக்கையையும் தின்னும், அடுத்ததன் புழுக்கையையும் தின்னும். ஒரு கூண்டில் இருக்கும் எலிகளுக்கு அதனால்தான் குடல் கிருமிகள் எல்லாம் ஒன்றாக இருக்கும். கூண்டுக்குக் கூண்டு மாறும். சோதனை தொடங்கும் முன் எல்லா எலிக்கும் ஒரே மாதிரி வயிறு அமைய வேண்டும் என்பதற்காக உமியைக் கலந்து போடுவார்கள். மருந்து கொடுக்கத் தொடங்கும் அன்று அதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தச் சொல்ல வேண்டியவள் அவள். அந்த வாரத்தில்தான் ஆவுடையப்பனுக்கு முதல் வலி வந்தது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிச் சிவப்புச் சீட்டைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். உமி எங்கே ஞாபகத்தில் இருக்கும்?

"அந்த மூலைக் கூண்டு... செத்துப்போச்சே ஒண்ணு. அதுக்கும் போட்டியளா?"

"அந்த முரடனுக்கா? அய்யய்ய! வேற எலி வாசம் அடிச்சா அது கூண்டையே கடிச்சுத் துப்பிரும். ஒருக்க போடப்போயி என் விரலப் பாருங்க. அதுக்குப் புது உமி மட்டுந்தான்."

மங்கையர்க்கரசி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருந்து கொடுக்காத எலிகள் மருந்தைத் தின்றிருக்கின்றன. வாராவாரம், அண்டை வீட்டு உமியோடு. கலப்பு உமி கிடைக்காத ஒரே எலி செத்துவிட்டது. மறதி தோற்கவில்லை. அவள் எதிர்பார்க்காத இடத்துக்கெல்லாம் போய் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறது.

"தப்புப் பண்ணிட்டனா மேடம்?" பேச்சிமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க இல்ல அண்ணாச்சி. தப்புப் பண்ணினது நான்." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எலி ஒண்ணையும் தொடாதீங்க. எல்லாம் இருக்கட்டும்."

மறதியைக் கண்டுபிடிப்பது சுலபம். அதற்கென்று கிருமி முளைக்கவைக்கும் ஒரு கண்ணாடித் தட்டு உண்டு. அதில் எலிப் புழுக்கையைக் கரைத்துத் தடவி வைத்தால், மறதி இருக்கிற இடத்தில் நீலப் புள்ளி முளைக்கும். வலது அலமாரி எலிகளின் தட்டுகளில் எல்லாம் நீலம் முளைத்தது. செத்த முரட்டு எலியின் தட்டில் ஒன்றுகூட இல்லை.

ஜெபக்கனி தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மங்கையர்க்கரசி அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"தானாப் பரவுது" என்றார் ஜெபக்கனி.

"ஆமா டாக்டர். ஒரு கூண்டுக்குக் குடுத்தா போதும்."

"அதான் பயமா இருக்கு. மருந்துன்னா ஒருத்தர்கிட்ட கேட்டு, அவர் சரின்னா குடுக்கிறது. வேண்டாம்னா நிறுத்துறது. இது யாரையும் கேக்காது. நிறுத்தச் சொன்னா நிக்காது. இன்னைக்கு இது சாது. நாளைக்கு எதோட சேரும், என்னவா மாறும், உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. சரி, இந்தக் கூடத்துக்குள்ள வந்து போற எல்லாருக்கும் தட்டு வை. எனக்கும் சேர்த்து."

ஜெபக்கனியின் தட்டு சுத்தமாக இருந்தது. அவர் கூண்டைத் தொடுகிறவர் இல்லை. பேச்சிமுத்துவின் தட்டிலும் மங்கையர்க்கரசியின் தட்டிலும் நீலம் மணிமணியாக இருந்தது. பேச்சிமுத்து பயந்துபோய்த் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நல்லாத்தான் பசிக்கு, செரிக்கு" என்று முணுமுணுத்தார்.

"பேச்சிமுத்து தனிக்கட்டை. உன் வீட்டுல யாரு இருக்கா, மங்கை?" என்றார் ஜெபக்கனி.

"அவர் மட்டும்தான். ஆனா எல்லாமே தனித்தனி டாக்டர். அவர் சாப்பிடுற தட்ட நான் தொட்டதே இல்ல."

"அப்போ அவருக்கு இருக்காது. இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டா, இந்தக் கூடத்து ஆளுங்களத் தாண்டி எங்கயும் போகலைன்னு எழுதிரலாம். நாளைக்கே சாம்பிள் கொண்டு வா."

இல்லை என்று வந்தால் அவளுக்கு நல்லது. வேலைக்கு நல்லது, ஆய்வுக்கு நல்லது. அன்று முழுக்க அவள் ஊரில் இருக்கிற சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டது நீலத்துக்குத்தான். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் வேண்டிக்கொண்டாள்.

ஆவுடையப்பனின் தட்டில் நீலம் வைக்க இடமில்லாமல் முளைத்திருந்தது. அவன் குடல் கிருமிகளை எடுத்துப் பழைய மாத்திரையின் முன்னால் நிறுத்திப் பார்த்தாள். அத்தனையும் சுருண்டு விழுந்தன. வயிற்றுச் சீட்டுக்கான அரசாங்கச் சோதனையையும் செய்து பார்த்தாள். பச்சை. தப்பாக இருக்கும் என்று மறுபடி செய்தாள். பச்சையேதான். அவள் நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. சோதனைச் சாலை மேஜையில் தலையைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

நிமிர்ந்தபோது ஜெபக்கனி நின்றுகொண்டிருந்தார்.

"குப்பிய எடுத்துட்டுப் போய்க் குடுத்தியா?"

"சத்தியமா இல்ல டாக்டர். குடுக்கணும்னு நினைச்சேன். அவர்தான் வேண்டாம்னுட்டார்."

"அப்போ எப்படிப் போச்சு? எனக்குத் தெரியணும். வா, உன் வீட்டுக்குப் போவோம்."

ஆவுடையப்பன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தன் வீட்டுக்கு வந்த பெரிய டாக்டருக்கு ஒரு வாய்க் காப்பி கொடுக்க முடியாத தவிப்பு அவன் கைகளில் தெரிந்தது. ஜெபக்கனி சுற்றி வளைக்கவில்லை.

"மங்கை சாப்பிடுறது, குடிக்கிறது, எதையாவது தொட்டிருக்கீங்களா?"

"நான் தொட்டத அவ தொடக் கூடாது டாக்டரம்மா. அதுல நான் கண்டிப்பு."

"அதைக் கேக்கல. அவ தொட்டதை நீங்க தொட்டீங்களா?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்து மங்கையர்க்கரசிக்கு ஒன்றும் புரியவில்லை. திருட்டுத்தனமாகச் சுருட்டுப் பிடித்து மாட்டிக்கொண்டவன் மாதிரி அவன் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சொல்லிருதேன். ஏட்டி, நீ கோவப்படக் கூடாது."

"என்னத்தங்க?"

"இவளுக்குத் தெரிஞ்ச சமையல் தயிர்சாதம் ஒண்ணுதான் டாக்டரம்மா. காலையில கையால பிசைஞ்சு டப்பாவுல கொண்டு போவா. இந்தக் கவலை, அந்தக் கவலைன்னு மத்தியானம் பாதிதான் உள்ள போகும். மீதிய அப்படியே கொண்டாந்து வச்சிட்டுக் குளிக்கப் போயிருவா, அப்புறமாக் கொட்டிக்கிடலாம்னு. சோத்தக் கொட்டுறதப் பாத்துக்கிட்டு ஒரு சமையக்காரன் எப்படிச் சும்மா இருக்கது?"

"எடுத்துச் சாப்பிட்டீங்களா?"

"என் தட்டுல கவுத்திக்கிட்டு, டப்பாவ வெந்நியில போட்டுக் கொதிக்க வச்சுத் திருப்பி வச்சிருவேன். அவளுக்கு ஒண்ணும் ஒட்டாது. தானே கழுவிட்டதா நினைச்சுக்கிட்டு இருந்தா, அவ ஞாபகம் அப்படி."

"தினமுமா?"

"அவ வேலைக்குப் போற நாளெல்லாம்." அவன் குரல் தாழ்ந்தது. "பெண்டாட்டி எச்சிச்சோறு திங்கியவன்னு வெளிய சொன்னா சிரிப்பாவ. ஆனா டாக்டரம்மா, வீட்டுல எல்லாத்தையும் ரெண்டாப் பிரிச்ச பெறவு, அவ கை பட்டதுன்னு எனக்கு அது ஒண்ணுதான் கிடைச்சுது."

மங்கையர்க்கரசி எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் மறதியோடு பிசைந்த தயிர்சாதம், மூடிய டப்பாவில் நாள் முழுக்க வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அவள் கிருமி வளர்க்கிற பெட்டியைவிடச் சொகுசான இடம்.

ஜெபக்கனி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சிவப்பு தொட்டதைப் பச்சை தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டோம். பச்சை தொட்டதைச் சிவப்பு தொட்டா என்ன ஆகும்னு ஒருத்தரும் யோசிக்கல. எந்த விதியை மீறினீங்கன்னு நான் எழுதுறது?" பிறகு அவனையே நேராகப் பார்த்தார். "உங்களை யாரும் கேக்கல. உங்களுக்கே தெரியாம உள்ள போயிருக்கு. கோபம் வரலையா?"

ஆவுடையப்பன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தான்.

"வருது டாக்டரம்மா. வராம இருக்குமா? ஆனா இந்த வலி போயிரும்னு நினைக்கும்போது கோவம் நிக்க மாட்டேங்கு."

ஜெபக்கனி அவன் ஆபரேஷனுக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தேவை பச்சைச் சீட்டு, அது நியாயமாகவே அவனிடம் இருந்தது. ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் அறிக்கையாக எழுதி மேலிடத்துக் குழுவுக்கு அனுப்பினார். குழு முடிவு சொல்லும்வரை எலிகளைக் கொல்லக் கூடாது, மறதி இனி எந்த வழியிலும் வெளியே போகக் கூடாது என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கல் வெளியே வந்தது. ஆவுடையப்பன் அதை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினான். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. மறுநாள் மத்தியானம் அவன் தலையணையில் சாய்ந்து ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். மங்கையர்க்கரசி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் இப்படி நிம்மதியாகச் சாப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. இருந்தும் பழக்கதோஷத்தில் கொஞ்சம் மீந்தது. டப்பாவை மூடப் போனாள்.

"மூடாத" என்றது ஒரு குரல்.

ஜெபக்கனி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் ஆரஞ்சுப் பழப் பை. முகம் தூங்காத முகமாக இருந்தது. அவனிடம் உடம்பு எப்படி என்று கேட்டார், பதிலைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"எனக்கு ஒரு தங்கச்சி. நாகர்கோவில்ல இருக்கா. சிவப்பு. எட்டாம் மாசம். குழந்தை குறுக்கே கிடக்கு, வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும்கிறாங்க. எந்த ஆஸ்பத்திரியும் உள்ள விடமாட்டேங்குது." அவர் டப்பாவைப் பார்த்தார். "அதைக் கொட்டிராத. எனக்குக் குடு."

மங்கையர்க்கரசி திகைத்துப் போனாள். "டாக்டர், வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதான எழுதினிய?"

"எழுதினேன். எழுதினது சரிதான். இப்பவும் சரின்னுதான் நினைக்கிறேன்."

"உங்க தங்கச்சிட்ட கேட்டாச்சா?"

"கேட்டாச்சு. அவ மாப்பிள்ளை, மாமியார், வீட்டுல இருக்கிற எல்லாரையும் உக்கார வச்சு, இது என்ன, எங்க வரைக்கும் போகும், திருப்பி எடுக்க முடியாதுங்கிறது வரைக்கும் சொல்லிக் கேட்டேன். சரின்னாங்க." ஜெபக்கனியின் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "அவங்க தெருவை நான் கேக்க முடியல, மங்கை. அந்த ஊரைக் கேக்க முடியல."

பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோவில் வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி கணவனைப் பார்த்தாள். கேட்காமல் இன்னொருவன் வயிற்றுக்குள் எதையும் அனுப்பமாட்டேன் என்று சொன்னவன் அவன்தான்.

ஆவுடையப்பன் தையல் இழுக்காமல் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தான். டப்பாவையும் தன் வயிற்றுக் கட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏட்டி, அந்த மிச்சத்தக் குடுக்காத" என்றான்.

ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டார்.

"பிள்ளைத்தாச்சிக்குப் போயி மீந்த சோத்தக் குடுத்து விடுவாவளா? நாலு பேரு கேட்டா தவசிப்பிள்ளை வீட்டுல இதுதான் மரியாதையான்னு கேக்க மாட்டாவ? கீழ கேன்டீன்ல சூடா சோறும் நல்ல தயிரும் வாங்கிட்டு வா. உன் கையால புதுசாப் பிசைஞ்சு குடு."

அவள் ஓடினாள். வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் வைத்துச் சோற்றை ஆறவிட்டு, தயிரை ஊற்றிப் பிசைந்தாள். அவன் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உப்புப் பாத்தியா?"

அவள் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். கம்மியாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்து, டப்பாவை மூடி நீட்டினாள். டாக்டர் ஜெபக்கனி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.